பதினொரு மணி ஆட்டம்

என் அண்ணன் டாய்ல் செத்துப்போன செய்தி வந்தபோது நான் ஒரு பழைய பிக்கப் வண்டிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். ஃபோனை எடுத்துக் கேட்டேன். சரி என்றேன். வைத்தேன். பிறகு எதிரே நின்ற ஆளிடம், "பின்சக்கரம் ரெண்டும் புதுசு, அதையும் யோசிச்சுக்குங்க" என்றேன். பேரம் படிந்தது, கை குலுக்கினோம். அவர் வண்டியை ஓட்டிக்கொண்டு போன பிறகுதான் கடையைப் பூட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். யாராவது என்னைக் கல்நெஞ்சன் என்றால் மறுக்க மாட்டேன். பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்ட ஈறு எப்படி இருக்கும்? ஆள் முழுக்க அப்படி இருந்தேன்.

எங்கள் அப்பாவும் அம்மாவும் அலபாமாவில் சந்தை சந்தையாகப் போய் மேசை போட்டு விற்றவர்கள். கோழி, துப்பாக்கி, ஒட்டுப்போட்ட போர்வை, ஒற்றைக் காது உடைந்த சட்டி என்று எதுவும் விற்பார்கள். நவம்பர் வந்தால் கொடி. மேசையின் இடது பக்கம் ஹாலவே கல்லூரியின் பச்சைக் கொடி, அதில் கொக்கு. வலது பக்கம் பெல்மார் கல்லூரியின் ஆரஞ்சுக் கொடி, அதில் கோவேறு கழுதை. கொடி விற்பவன் எந்தக் கொடியையும் பிடிக்கக் கூடாது என்பது அப்பாவின் கட்டளை. நான் கேட்டேன். டாய்ல் கேட்கவில்லை. பத்து வயதில் கொக்குக் கொடியில் ஒன்றைத் திருடிக் கட்டிலுக்கு மேலே ஆணி அடித்து மாட்டினான். அன்றைக்குக் கொக்குப் பக்கம் போனவன்தான்.

ஹாலவே கல்லூரியின் வகுப்பறையை அவன் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. எங்கள் பக்கத்தில் கல்லூரி ஃபுட்பாலுக்கும் படிப்புக்கும் சம்பந்தம் கிடையாது. காலுக்கும் அவ்வளவாகச் சம்பந்தம் கிடையாது. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறவனை நாலு பேர் விழுந்து அமுக்குவதுதான் ஆட்டம். வருஷத்தில் ஒரே ஒரு சனிக்கிழமை, நவம்பர் கடைசியில், கொக்கும் கழுதையும் மோதும். அன்றைக்கு எங்கள் ஊரில் நாய்கூட வெளியே வராது. அன்றைக்குக் கல்யாணம் வைத்தால் மாப்பிள்ளையே வருவானா என்று பெண் வீட்டார் யோசிப்பார்கள்.

டாய்ல் செத்தது அந்தச் சனிக்கிழமைக்கு எட்டு நாள் முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை. ஆட்டத்துக்குக் கொண்டுபோகும் கூடாரத்தைப் பிரித்துப் போட்டுக் கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தானாம். மாரைப் பிடித்துக்கொண்டு அந்தப் பச்சைத் துணியின் மேலேயே சாய்ந்துவிட்டான்.

அவனுக்கு ஒரே பெண், மார்லிஸ். விமானப் படையில் இருக்கிறாள், ஜப்பானில் ஒகினாவாவில். அடுத்த வெள்ளி சாயங்காலம்தான் வந்து சேர முடியும், திங்கள் காலை திரும்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எங்கள் சர்ச்சில் குழி வெட்டுவதில்லை. ஆக, சனிக்கிழமை. அடக்கக் காரியங்களைப் பார்த்துக்கொள்ளும் யார்ப்ரோ அம்மாள் என் முன்னால் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "எத்தனை மணிக்கு வெச்சுக்கலாம்?" என்று கேட்டாள்.

"பதினொண்ணு" என்றேன்.

அவள் பேனாவை நிறுத்தினாள். "ராய்ஸ் தம்பி, ஆட்டத்துக்கு இன்னும் நேரம் அறிவிக்கலையே."

"மூணு வருஷமா சாயந்திரம் ஆறரைக்குத்தான் நடக்குது. காலையில புதைச்சுட்டு எல்லாரும் நேரா மைதானத்துக்குப் போகட்டும்."

அவள் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு எழுதிக்கொண்டாள். ஆட்டம் எத்தனை மணிக்கு என்பதை டிவிக்காரர்கள் ஆறு நாள் முன்னால்தான் சொல்வார்கள். அவர்கள் சொல்லும்வரை இந்த மாநிலத்தில் ஒருவன் பல் டாக்டரிடம்கூட நேரம் வாங்க மாட்டான். இது எனக்குத் தெரியாததல்ல. வடக்கிலிருந்து குடிவந்தவன் செய்யும் தப்பை இங்கேயே பிறந்து இங்கேயே கொடி விற்ற நான் செய்தேன். நினைப்பு எங்கேயோ இருந்தது என்று சொல்லத் தோன்றுகிறது. உண்மையில் எங்கேயும் இல்லை.

ஞாயிறு சாயங்காலம் டிவியில் சொன்னார்கள். ஆட்டம் காலை பதினொரு மணிக்கு.

தள்ளிப் போடலாம் என்று பார்த்தேன். குழி மூடும் இயந்திரக்காரர் சனிக்கிழமை ஒரு மணிக்கு மேல் வேலை செய்ய மாட்டார். பாஸ்டர் ஹாப்சனுக்கு மூன்று மணிக்குப் பக்கத்து ஊரில் இன்னொரு அடக்கம். முன்னால் இழுத்தாலும் பயனில்லை. மைதானம் இரண்டரை மணி நேரத் தொலைவில் இருக்கிறது, போகிறவன் விடியும்போதே கிளம்பிவிடுவான்.

கூட்டம் வராவிட்டால் போகட்டும். பெட்டி தூக்க ஆறு பேர் வேண்டும். அதுதான் கவலை.

ஆறு பேரின் பெயரை டாய்லே எழுதி வைத்திருந்தான். எல்லாரும் அவன் கூடாரத்துக்காரர்கள், வருஷக்கணக்காக மைதானத்துக்கு வெளியே அவனோடு அடுப்பு மூட்டிக் கறி சுட்டவர்கள். பட்டியலில் முதல் பெயர் பியூரன் கேட்லின். திங்கட்கிழமை அவனைத்தான் முதலில் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"ராய்ஸு... பதினொரு வருஷமா இந்த ஆட்டத்துல நாம தோக்கலை. ஒரு வருஷம்கூட நான் சீட்ல இல்லாம இருந்ததில்லை. நான் போகலைன்னு வை, தோத்துட்டாங்கன்னு வை..."

"உன்னாலதான் ஜெயிக்கிறாங்களா?"

"அப்படிச் சொல்லல. ஆனா யாருக்குத் தெரியும்?" பிறகு குரலை இறக்கிக்கொண்டு சொன்னான்: "நீயே சொல்லு. செத்தது நானா இருந்து, டாய்ல் உசுரோட இருந்தா, அவன் எங்க இருப்பான்?"

என் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன் டாய்ல். கோட்டுக்குள் ரேடியோ, காதில் ஒயர். இந்தக் கல்யாணத்துக்கு யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று பாஸ்டர் கேட்ட அந்த நொடியில் "அநியாயம்டா!" என்று கத்தினான். ஆட்டத்தில் நடுவர் ஏதோ தப்பாகத் தண்டனைக் கொடி வீசிவிட்டாராம். என் மாமியார் சாகும்வரை அவனோடு பேசவில்லை. அப்படிப்பட்டவனின் நண்பர்களை நான் எந்த வாயால் திட்டுவது?

மற்ற ஐந்து பேரும் கிட்டத்தட்ட அதையே சொன்னார்கள். ஒருவன் அழுதான். அழுதுவிட்டு, வர முடியாது என்றான். பூ அனுப்புகிறேன் என்றார்கள், கோழி பொரித்து அனுப்புகிறேன் என்றார்கள். கடைக்கு வருகிறவர்களிடமும் கேட்டுப் பார்த்தேன். ஊரில் டிக்கெட் இல்லாதவன் டிவி முன்னால் இருந்தாக வேண்டும். இரண்டும் வேண்டாம் என்கிறவன் எண்பது வயதைத் தாண்டியிருந்தான்.

யார்ப்ரோ அம்மாள் ஒரு வழி சொன்னாள். "எங்க ஆளுங்க ரெண்டு பேர் இருக்காங்க. சக்கர வண்டியில வெச்சுத் தள்ளிடலாம்."

கல்லறை மேட்டில் இருக்கிறது. நவம்பர் மழையில் அந்தச் சரிவு சோப்புக் கட்டி மாதிரி ஆகிவிடும். போன வருஷம் இப்படித்தான் ஒரு கிழவியைச் சக்கர வண்டியில் வைத்துத் தள்ளினார்கள். பாதி வழியில் வண்டி பின்னால் உருள ஆரம்பித்து வேலியில் போய் நின்றது. மார்லிஸிடம் ஃபோனில் இதைச் சொல்லாமல், வண்டி என்று மட்டும் சொன்னேன்.

"சித்தப்பா, அப்பாவைத் தள்ளிட்டுப் போகக் கூடாது" என்றாள். "ஆறு பேர் தூக்கணும். எனக்கு வேற எதுவும் வேணாம்." அவள் வேறு எதுவும் கேட்டதே இல்லை, சின்ன வயதிலிருந்து. சரி என்று சொல்லிவிட்டேன். சரக்கே இல்லாமல் விற்றுவிட்டது மாதிரி இருந்தது.

புதன்கிழமை மத்தியானம் கடை வாசலில் ஓர் ஆரஞ்சு லாரி வந்து நின்றது. கழிவுத் தொட்டி சுத்தம் செய்யும் லாரி. பக்கவாட்டில் ஆளுயரக் கோவேறு கழுதைப் படம். இறங்கியவன் வெண்டல் ஸ்டான்சில். பத்தொன்பது வருஷமாக, ஆட்டம் எந்த ஊரில் நடந்தாலும், டாய்லின் கூடாரத்துக்குப் பக்கத்தில் கழுதைக் கூடாரம் போடுகிறவன். தோற்றவன் அடுத்த வருஷம் ஜெயித்தவனின் அடுப்பில் நின்று கறி சுட வேண்டும், ஜெயித்தவனின் தொப்பியைப் போட்டுக்கொண்டு. அது அவர்களுக்குள் பந்தயம். பதினொரு வருஷமாக வெண்டல் கொக்குத் தொப்பி போட்டுக்கொண்டு கறி சுட்டுக்கொண்டிருந்தான்.

"என்ன ராய்ஸு, கொக்கெல்லாம் பறந்துருச்சாமே?"

"உக்காரு. வண்டி வாங்கவா வந்த?"

"உன்கிட்ட வண்டி வாங்குறதுக்கு நான் நடந்தே போயிருவேன்." உட்கார்ந்தான். தொப்பியைக் கழற்றி முட்டியில் மாட்டினான். "தூக்க எத்தனை பேர் இருக்கீங்க?"

"ரெண்டு. நானும் பாஸ்டரும்."

"பாஸ்டர் பைபிளைத் தூக்குவாரா, பெட்டியைத் தூக்குவாரா?"

"அப்ப ஒண்ணு."

அவன் என் மேசையில் இருந்த சாவிக்கொத்தை எடுத்துப் பார்த்தான், வைத்தான். "நாங்க நாலு பேர் வர்றோம்."

"அஞ்சு" என்றேன்.

என் வாய் தானாகச் சொன்னது. அண்ணன் பிணத்துக்கு ஆள் கேட்கும்போதும் முதல் விலைக்கு ஒத்துக்கொள்ளக் கூடாது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது.

"யோவ், சும்மா குடுக்கிறதுக்குமா பேரம்?"

"பெட்டி ஓக் மரம். உள்ள டாய்ல்."

வெண்டல் யோசித்தான். டாய்லின் எடையை மனசுக்குள் போட்டுப் பார்க்கிறான் என்று தெரிந்தது. "சரி. அஞ்சு. என் மச்சான் ஆர்லினையும் இழுத்துட்டு வர்றேன். அவனுக்கு இடுப்பு சரியில்லை, ஆனா வாய் நல்லாருக்கும்."

"உங்க டிக்கெட்டெல்லாம்?"

"குடுத்துட்டோம். அதைப் பேசாத, வயிறு எரியுது." விரலை நீட்டினான். "ரெண்டு கண்டிஷன். கோட்டுல பச்சைப் பூ குத்திக்க மாட்டோம்."

"டாய்லுக்காகன்னு பச்சை கார்னேஷன் சொல்லியாச்சே."

"பச்சைன்னா நாங்க வரலை. ஆரஞ்சு குத்திக்கிறோம்."

"ஆரஞ்சு குத்திக்கிட்டு அவனைத் தொட்டா அவன் எழுந்து உக்காந்துருவான்."

"எழுந்தா நல்லதுதான்யா. நடந்தே போகட்டும், நமக்குச் சுமை மிச்சம்."

வெள்ளையில் முடிந்தது. இரண்டாவது கண்டிஷன், ஆட்டத்தின் முடிவை யாரும் அவர்களிடம் சொல்லக் கூடாது. வீட்டில் பதிவு போட்டுவிட்டு வருவார்கள். முடிவு தெரியாமல் போய் உட்கார்ந்து பார்ப்பார்கள். எல்லாரிடமும் சொல்லி வைக்கிறேன் என்றேன். கை குலுக்கினோம். வாசல்வரை போனவன் திரும்பி நின்றான்.

"பத்தொம்பது வருஷம்யா. அவன் மூஞ்சி தொங்குறதைப் பாக்கணும்னே நான் ஆட்டத்துக்குப் போறது. இனிமே யாரைப் போய்த் திட்டுறது?" என்று லாரியைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஏறிக்கொண்டான். எனக்கு ஏதாவது தோன்ற வேண்டும் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். தோன்றவில்லை. உள்ளே போய், வெள்ளைப் பூவுக்கு மாற்றச் சொல்லி ஃபோன் செய்தேன்.

வெள்ளி சாயங்காலம் விமான நிலையத்திலிருந்து வரும் வழியில் மார்லிஸிடம் சொன்னேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு? கழுதைக்காரங்களா?"

"அஞ்சு பேர்."

"பியூரன் மாமா?"

"ஆட்டத்துக்குப் போறான்."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "அப்பா என்ன சொல்லுவாரு சித்தப்பா?"

"பெட்டியைக் கீழ போட்டுருவானுங்க, பாத்துக்கன்னு சொல்லுவான்."

அவள் சிரித்தாள், சிரிப்பு நடுவில் உடைந்தது. நான் சிக்னல் விளக்கு மாறக் காத்திருந்தேன். விளக்கு மாறியதும் வண்டியை எடுத்தேன்.

சனிக்கிழமை சர்ச்சில் பதினேழு பேர். எண்ணுவது பழக்கம். ஐந்து பேரும் கறுப்புக் கோட்டில், வெள்ளைப் பூவோடு, முன்வரிசையில் முட்டியில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள், தண்டனைக்குக் காத்திருக்கும் பையன்கள் மாதிரி. பாஸ்டர் ஹாப்சன் பதினொரு மணிக்குத் தொடங்கினார். சரியாக அந்த நிமிஷத்தில் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் கடிகாரத்தைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரும் பார்க்கவில்லை. பாஸ்டர் நல்ல மனிதர். எல்லாவற்றையும் சுருக்கமாகச் சொன்னார்.

பெட்டியின் நாலு மூலையிலும் பித்தளையில் கொக்கு. டாய்ல் முன்கூட்டியே தேர்ந்தெடுத்து வைத்த பெட்டி. ஆர்லினுக்குக் கிடைத்த பிடி சரியாகக் கொக்குக்குப் பக்கத்தில். அவன் கையை நீட்டினான், இழுத்துக்கொண்டான்.

"மச்சான், இது என்னையே பாக்குது."

"கண்ணை மூடிக்கிட்டுத் தூக்குடா" என்றான் வெண்டல்.

"கண்ணை மூடினா வழுக்கும்."

நான் அவனோடு இடம் மாற்றிக்கொண்டேன். தூக்கினோம். கனம் சொல்லி மாளாது. மேட்டில் ஏற ஏறக் கால் ஒவ்வொன்றும் சேற்றில் புதைந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. பாதியில் எனக்கு எதிர்ப்பக்கம் இருந்தவன் சறுக்கினான். பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பின்னால் மார்லிஸ் மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது. வெண்டல் தோளை உள்ளே கொடுத்து முட்டுக் கொடுத்தான். முட்டி சேற்றில் ஊன்றியிருந்தது, முகம் சிவந்து நரம்பு புடைத்திருந்தது.

"டேய் டாய்லு" என்று பெட்டியைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான், "எங்க கறியைத் திருடித் திருடித் தின்னியே, இப்ப பாரு."

"பேசாம தூக்கு மச்சான்" என்று ஆர்லின் முனகினான். "கழுதைன்னுதானே கூப்பிட்டாரு. கழுதை வேலையைப் பாப்போம்."

யாரோ மூக்கால் சிரித்தார்கள். பெட்டி நிமிர்ந்தது. குழிக்குப் பக்கத்தில் இயந்திரத்தில் உட்கார்ந்திருந்தவர் ஆட்டத்தை ரேடியோவில் கேட்டுக்கொண்டிருந்தார். மைதானத்து இரைச்சல் மேட்டின் மேலே எங்களுக்கு முன்னாலேயே வந்து நின்றது. வெள்ளைப் பூவோடு வருகிறவர்கள் யார் என்று பார்த்ததும் பட்டென்று அணைத்துவிட்டு இறங்கித் தொப்பியைக் கழற்றினார். பெட்டியை இறக்கினோம். வேலியில் மோதாமல், கீழே விழாமல், ஆறு பேர் தூக்கி இறக்கினோம். மார்லிஸ் ஐந்து பேரின் கையையும் ஒவ்வொன்றாகப் பிடித்தாள். எல்லார் கையும் சேறு.

சர்ச் கூடத்தில் பன்றித்தொடை, பீன்ஸ், மக்காச்சோள ரொட்டி. நான் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஃபோனைப் பார்த்தேன். பெல்மார் இருபத்துநாலு, ஹாலவே இருபத்துமூணு. பதினொரு வருஷத்துக்குப் பிறகு முதல் முறையாகக் கழுதை ஜெயித்திருக்கிறது, வெண்டல் பார்க்காத ஒரே வருஷத்தில். கையைக் கழுவினேன். வெளியே வந்தேன். என் முகத்தில் வெண்டலால் எதையும் படிக்க முடியவில்லை. எட்டு நாளாகப் படிக்க அதில் ஒன்றும் இருந்ததில்லை.

சாயங்காலம் டாய்லின் வீட்டில் நாற்காலிகளை வாங்கிப் போட்டுக் கழுதைக்காரர்கள் ஐந்து பேரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, ஐந்தரைக்கு வாசலில் மூன்று வண்டிகள் நின்றன. பியூரனும் மற்ற ஐந்து பேரும். மைதானத்திலிருந்து நேராக வருகிறார்கள். பச்சைச் சட்டைக்கு மேல் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு, கையில் பொரித்த கோழிப் பாத்திரத்தோடு. ஆறு முகமும் தரையில் இடித்துவிடும் போலத் தொங்கின.

பியூரன் என்னிடம் வந்தான். "ராய்ஸு."

"உள்ள வா."

"நாங்க..."

"கோழியை அங்க வை."

அவன் மார்லிஸைக் கட்டிக்கொண்டு ஏதோ சொன்னான். பிறகு வெண்டல் முன்னால் போய் நின்றான். கையை நீட்டினான். வெண்டல் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல், அவன் முகத்தையே உற்றுப் பார்த்தான். முகம் தொங்குகிறது. ஆனால் நண்பன் செத்த வீட்டில், அடக்கத்துக்கு வராதவன் முகம் வேறு எப்படி இருக்கும்? வெண்டல் அடுத்தவன் முகத்தைப் பார்த்தான், அதற்கடுத்தவன் முகத்தையும்.

"யாரு ஜெயிச்சான்னு ஒண்ணும் புரியலையேடா" என்றான் ஆர்லினிடம்.

மார்லிஸ்தான் சொன்னாள். "அப்பா டிவில ஹாலவே ஆட்டம் எல்லாம் தானாப் பதிவாகும். வீட்டுக்குப் போயி பாக்கிறதை இங்கயே பாருங்களேன். எல்லாரும் இருங்க."

கொக்குக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்றைக்கு மத்தியானம்தான் நேரில் உட்கார்ந்து தோற்றுவிட்டு வந்திருக்கிறார்கள். அதை இன்னொரு முறை முழுசாக உட்கார்ந்து தோற்க வேண்டும், கழுதைகளுக்குப் பக்கத்தில். இந்த மாநிலத்தில் ஒருவனுக்குக் கொடுக்கக்கூடிய தண்டனையில் அது பெரியது. பியூரன் கோட்டைக் கழற்றினான்.

"எனக்கு அந்த ஓரத்துச் சேர்" என்றான்.

ஆட்டம் ஓடியது. முதல் பாதியில் ஹாலவே பதினாலு புள்ளி முன்னால். பியூரன் தொடையில் தட்டினான், எழுந்து நின்று கத்தினான், "பாத்தியா! பாத்தியா வெண்டல்! கழுதையைத் தொழுவத்துல கட்டுங்கடா!" மற்ற ஐந்து பேரும் சேர்ந்து கத்தினார்கள். நான் சந்தையில் வளர்ந்தவன். இல்லாத சரக்கை இருப்பதாகக் காட்டும் முகங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் கையில் இருக்கும் தோல்வியை மறைத்துக்கொண்டு சந்தோஷத்தை இவ்வளவு நன்றாக விற்றவனை அதற்கு முன் பார்த்ததில்லை. ஏழு மணி நேரத்துக்கு முன்னால் தன் நெஞ்சு எங்கெங்கே எகிறியதோ, அங்கெல்லாம் மறுபடி எகிறினான்.

வெண்டல் டிவியைப் பார்ப்பதையே விட்டுவிட்டான். பியூரனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசிக் கால்பகுதியில் பெல்மார் ஒரு புள்ளி முன்னால் வந்தபோதுகூட அவன் முகம் தெளியவில்லை.

"சொல்லித் தொலைடா. தோத்துட்டோம்தானே? நீ இப்படி ஆடுறேன்னா தோத்துட்டோம்."

"ஆட்டத்தைப் பாருய்யா, என் மூஞ்சில என்ன இருக்கு?"

"பன்னெண்டாவது வருஷமும் உங்க தொப்பியா?" என்று வெண்டல் கையால் முகத்தைத் தேய்த்தான்.

மூன்று விநாடி மிச்சம். கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து அனுப்பினால் ஹாலவேக்கு மூன்று புள்ளி, ஆட்டம் முடிந்தது. பியூரன் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் முட்டி போட்டான். கைகளைக் கோத்துக்கொண்டு கண்ணை மூடினான். மத்தியானம் தன் கண்ணாலேயே வலது கம்பத்துக்கு வெளியே போவதைப் பார்த்த அந்தப் பந்துக்காக, உதடு அசைய, ஜெபம் செய்தான்.

பந்து வலது கம்பத்துக்கு வெளியே போனது.

வெண்டல் நாற்காலி பின்னால் விழ எழுந்து அலறினான். அலறியவன் பாதியில் வாயைக் கையால் பொத்திக்கொண்டான். எங்கே நிற்கிறோம் என்று அப்போதுதான் ஞாபகம் வந்திருக்கிறது. மார்லிஸைப் பார்த்தான், அவன் கண்ணில் தண்ணீர் நின்றது.

பியூரன் முட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தான். "ஏன் நிறுத்திட்ட? கத்துய்யா. அடுத்த பதினோரு வருஷத்துக்கும் சேத்து இப்பவே கத்திக்க."

"கத்துங்க மாமா" என்றாள் மார்லிஸ்.

கத்தினார்கள். ஆர்லின் இடுப்பைப் பிடித்துக்கொண்டே குதித்தான். பியூரன் வெண்டலின் தலையில் ஒரு தட்டுத் தட்டி, "அடுத்த வருஷம் உன் அடுப்புல நான் நிக்கிறேன். டாய்லுக்குப் பதிலா" என்றான். "கறி கருகினா என்னைக் கேக்காத." வெண்டல் அவனைக் கெட்ட வார்த்தையில் திட்டினான், பத்தொன்பது வருஷமாக டாய்லைத் திட்டிய அதே வார்த்தை. பியூரன் அதை வாங்கிக்கொண்டு தலையை ஆட்டினான்.

நான் சுவரோரமாக உட்கார்ந்திருந்தேன். அந்தச் சத்தத்தின் நடுவில் எனக்கு ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தேன். அழுகை வரவில்லை, ஆறுதலும் வரவில்லை. பசிதான் வந்தது. எட்டு நாளில் முதல் தடவையாகப் பசித்தது. எழுந்து போய்ப் பாத்திரத்தைத் திறந்தேன். கோழி ஆறி, எண்ணெய் உறைந்திருந்தது. ஒரு துண்டை எடுத்து நின்றபடியே தின்றேன். பிறகு இன்னொன்று.